விபிஎன் எடுக்கணும், "14 கண்கள்" நாடுன்னா வேண்டாம்னு சொல்றாங்களே, இந்த உளவுக் கூட்டணி விஷயம் நம்மள எந்த அளவுக்கு பாதிக்கும்?

உறையூர்_வாசி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா ஒரு நல்ல விபிஎன் (நம்ம இணையப் போக்குவரத்தை பூட்டி வேற ஒரு கம்பெனி சர்வர் வழியா அனுப்புற சேவை) எடுக்கலாம்னு தேடிட்டு இருக்கேன். எந்த ரிவ்யூவைத் திறந்தாலும் விலை, ஸ்பீடு எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு வரி வந்து நிக்குது, இந்த கம்பெனி 14 கண்கள் நாடுகளுக்கு வெளிய இருக்கு அதனால பாதுகாப்புன்னு. பனாமா நல்லதாம், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் நல்லதாம், சுவிட்சர்லாந்து ரொம்ப நல்லதாம். ஸ்வீடன் கம்பெனி ஒண்ணு எனக்கு பிடிச்சிருந்துச்சு, விலையும் கட்டுபடியாகுது, ஆனா அதுக்கு நேரா சிவப்புல ஒரு எச்சரிக்கை போட்டு வச்சிருக்காங்க.

நான் திருச்சில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், தங்கச்சி கனடால பிராம்ப்டன்ல இருக்கா. வீட்டுப் பத்திரம் ஸ்கேன், அப்பாவோட ஹார்ட் ரிப்போர்ட், பேங்க் ஸ்டேட்மென்ட்னு எல்லாமே எங்களுக்குள்ள மெயில்லயும் வாட்ஸப்லயும்தான் போகுது வருது, கிளையண்ட் கணக்கு வேற என் லேப்டாப்ல இருக்கு.

நான் தெரிஞ்சுக்க நினைக்கிறது, முதல்ல இந்த ஃபைவ் ஐஸ், 14 கண்கள் கூட்டணி எல்லாம் நிஜமா, இல்ல விபிஎன் விக்கிறவங்க பயமுறுத்துறதுக்கு சொல்றதா? ரெண்டாவது, அந்த லிஸ்ட்ல இந்தியா இல்லையே, அது நமக்கு நல்லதா கெட்டதா? கடைசியா, விபிஎன் கம்பெனி எந்த நாட்டுல இருக்குன்னு பார்த்து வாங்குறதுல அர்த்தம் இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமாவே சொல்லுங்க, நேரம் எடுத்து படிக்கிறேன்.

கடலடி_கேபிள்

கூட்டணி நிஜம்தான் ப்ரோ. இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி, ஜப்பான் ரேடியோ செய்திகளை உடைக்க அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து வேலை பார்த்தாங்க. போர் முடிஞ்ச பிறகும் அதை விட மனசில்லாம 1946 மார்ச் 5ஆம் தேதி ரகசியமா ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, யூகேயூஎஸ்ஏ ஒப்பந்தம்னு பேரு. 1948ல கனடா சேர்ந்துச்சு, 1956ல ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். அந்த ஒப்பந்தக் காகிதத்தை பொதுமக்களுக்கு காட்டினது 2010 ஜூன்லதான், 64 வருஷம் கழிச்சு! அமெரிக்காவுக்கு என்எஸ்ஏ, பிரிட்டனுக்கு ஜிசிஹெச்கியூ, கனடாவுக்கு சிஎஸ்இ, ஆஸ்திரேலியாவுக்கு ஏஎஸ்டி, நியூசிலாந்துக்கு ஜிசிஎஸ்பி, இந்த அஞ்சு உளவு அமைப்பும் சேர்ந்ததுதான் ஃபைவ் ஐஸ்.

9, 14னு சொல்றது இதைச் சுத்தி இருக்கிற வெளிவட்டம். டென்மார்க், பிரான்ஸ், நெதர்லாந்து, நார்வே சேர்ந்தா 9, அதோட ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன் சேர்ந்தா 14. உள்ள இருக்கிற அஞ்சு பேருக்குள்ள இருக்கிற நெருக்கம் இந்த வெளிவட்டத்துக்கு கிடையாது. ஜெர்மனி 14ல ஒண்ணுதான், ஆனா அப்ப ஜெர்மனி ஆட்சித் தலைவரா இருந்த மெர்க்கலோட செல்போனையே என்எஸ்ஏ குறி வச்சிருந்துச்சுன்னு 2013 அக்டோபர்ல வெளிய வந்துச்சு. அதுக்கு அப்புறம் 2021 மே மாசம் டென்மார்க் அரசு ஒளிபரப்பு நிறுவனமே சொன்னுச்சு, டென்மார்க் வழியா போற கேபிள்களை வச்சுத்தான் பக்கத்து நாட்டுத் தலைவர்களை என்எஸ்ஏ கவனிச்சுதுன்னு. கூட்டாளிகளுக்கே இந்த நிலைமை.

நான் நெட்வொர்க் வேலைல இருக்கிறவன், அதனால இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது கேபிள்தான். நீங்க திருச்சில இருந்து பிராம்ப்டனுக்கு அனுப்புற மெயில் கடலுக்கு அடில கண்ணாடி இழைல போய் எங்கெங்கயோ கரையேறித்தான் கனடா போய்ச் சேருது. பிரிட்டன்ல கார்ன்வால் பக்கம் பியூட்னு ஒரு கடற்கரை ஊர், அந்த ஏரியாவுல நிறைய அட்லாண்டிக் கேபிள் கரையேறுது, ஜிசிஹெச்கியூவோட பெரிய நிலையமும் அங்கதான் இருக்கு. என்எஸ்ஏல ஒப்பந்த வேலை பார்த்த ஸ்னோடென் 2013ல வெளிய கொண்டுவந்த ரகசிய ஆவணங்கள்ல டெம்போரான்னு ஒரு திட்டம் இருந்துச்சு, 200க்கு மேல ஃபைபர் கேபிள்ல இருந்து அப்படியே அள்ளி எடுத்து, உள்ளடக்கத்தை 3 நாளும் மெட்டாடேட்டாவை (யார் யாருக்கு எப்ப அனுப்பினாங்கங்கிற விவரம்) 30 நாளும் வச்சிருப்பாங்க, அதை ஜிசிஹெச்கியூ ஆளுங்க மட்டும் இல்ல என்எஸ்ஏ ஆளுங்களும் உட்கார்ந்து தேடலாம். பிரிட்டனோட வேலைக்கு என்எஸ்ஏ மூணு வருஷத்துல 10 கோடி பவுண்டாவது குடுத்திருக்குன்னும் அதே ஆவணங்கள்ல இருந்துச்சு. தகவல் பகிர்வுன்னு நாம சொல்றது ஃபைல் அனுப்புறது மட்டும் கிடையாது, ஒருத்தர் இடம் குடுக்கிறார், ஒருத்தர் பணம் குடுக்கிறார், தேடுற பெட்டி ரெண்டு பேருக்கும் பொது.

நம்ம ஊருக்கும் இதுல நேரடியா சம்பந்தம் இருக்கு. சீ-மீ-வீ 4னு ஒரு கேபிள், பிரான்ஸ்ல மார்செய்ல இருந்து சிங்கப்பூர் வரைக்கும் போகும், வழில மும்பை, கொழும்பு, சென்னை மூணுலயும் கரையேறுது. 2013 டிசம்பர்ல ஜெர்மன் பத்திரிகை டெர் ஸ்பீகல் ஒரு என்எஸ்ஏ ஆவணத்தை வெளியிட்டுச்சு, அந்த வருஷம் பிப்ரவரில என்எஸ்ஏவோட ஹேக்கிங் பிரிவு இதே கேபிளை நிர்வாகம் பண்ற கம்பெனிகளோட நெட்வொர்க்ல நுழைஞ்சு கேபிளோட மேப்பிங் தகவலை எடுத்திருக்கு. சென்னைல இருந்து கிளம்புற ட்ராஃபிக்கோட பாதையை அவங்க தெரிஞ்சு வச்சிருக்காங்க.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, இந்தியா லிஸ்ட்ல இல்லாதது நல்லதா? எனக்குத் தெரிஞ்சு அதுதான் நமக்கு பெரிய பாதகம், இதை யாருமே பேச மாட்டேங்கிறாங்க. அமெரிக்காவுல ஃபிசாங்கிற வெளிநாட்டு உளவுச் சட்டத்துல பிரிவு 702னு ஒண்ணு இருக்கு, 2008ல வந்துச்சு, 2024 ஏப்ரல்ல கூட நீட்டிச்சாங்க. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக், ஆப்பிள் கம்பெனிகள்ல இருந்து தகவல் எடுக்கிற பிரிசம் திட்டம் ஓடுறது இந்தப் பிரிவுலதான். அது யாரை குறி வைக்கலாம்னா, அமெரிக்கக் குடிமகனா இல்லாத, அமெரிக்காவுக்கு வெளிய இருக்கிற ஆட்களை. அதாவது உங்களையும் என்னையும். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா கோர்ட் வாரண்ட் தேவை இல்ல. அமெரிக்கர்களோட தகவல் இதுல சிக்கிட்டா என்ன பண்றதுன்னுதான் அவங்க பார்லிமென்ட்ல வருஷக்கணக்கா சண்டை, நம்ம தகவலை பத்தி அங்க யார் பேசப் போறா? 2013 மார்ச் ஒரே மாசத்துல இந்தியாவுல இருந்து 630 கோடி இணையத் தகவல் துணுக்குகளை என்எஸ்ஏ எடுத்ததா பிரிட்டன் பத்திரிகை கார்டியன் வெளியிட்ட ஆவணம் சொன்னுச்சு, ஈரான், பாகிஸ்தான், ஜோர்டான், எகிப்துக்கு அடுத்து அஞ்சாவது இடம்.

இன்னொண்ணு, இந்தியா முழுக்க வெளிய இருக்குன்னும் சொல்ல முடியாது. பசிபிக் பக்கம் ஃபைவ் ஐஸோட சிங்கப்பூர், தென்கொரியா, தாய்லாந்து சேர்ந்த ஒரு குழு இருக்கு, 2013க்குள்ள அதுல பிரான்சும் இந்தியாவும் சேர்ந்திருச்சுன்னு 2018ல வெளிவந்த ஸ்னோடென் ஆவணங்கள்ல இருந்துச்சு.

விபிஎன் பத்தி வேற யாராவது எழுதுவாங்க, எனக்கு அதை விட இதுதான் சொல்லணும்னு இருந்துச்சு.

மாங்கனி_சேலம்

படிச்சேன், நல்ல தகவல். ஆனா ஒரு சாதாரண குடும்பஸ்தன் இதுக்கு ஏன் இவ்ளோ பயப்படணும்னு எனக்கு புரியல. அப்பாவோட ஹார்ட் ரிப்போர்ட்டை வச்சு என்எஸ்ஏ என்ன பண்ணப் போகுது? இந்த நாடுகள் தகவல் பகிர்ந்துக்கிறதாலதான் நிறைய குண்டுவெடிப்பு தடுக்கப்பட்டிருக்கு. 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல இருந்து அமெரிக்கா போற விமானங்கள்ல திரவ வெடிபொருள் வைக்க திட்டம் போட்டவங்களை பிடிச்சது அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து வேலை பார்த்ததாலதான், நிறைய ஏர்போர்ட்ல வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு தண்ணி பாட்டில் கொண்டு போக விடாததுக்கு காரணமே அந்த கேஸ்தான். மறைக்கிறதுக்கு எதுவும் இல்லாதவங்களுக்கு இதுல இழப்பு என்ன இருக்கு? சண்டைக்கு கேட்கல, உண்மையிலேயே தெரிஞ்சுக்க கேட்கிறேன்.

ஸ்காபரோ_அக்கா

நான் ரொறன்ரோ பக்கம் இருக்கிறன் தம்பி, உங்கட கேள்வி நியாயமானது, அதுக்கு இஞ்ச நடந்த ஒரு விசயத்தைத்தான் பதிலாச் சொல்லவேணும். மாஹெர் அரார் எண்டு சிரியாவில பிறந்த ஒரு கனடாப் பிரஜை, இஞ்சினியர். 2002 செப்டம்பரில துனீசியாவில விடுமுறை முடிச்சு நியூயோர்க் வழியா வீட்ட திரும்பி வரேக்க அமெரிக்க அதிகாரிகள் மறிச்சவை. கனடாப் பொலிஸ் ஆர்சிஎம்பி அவரைத் தீவிரவாதத் தொடர்புள்ள ஆள் எண்டு பிழையான தகவலை முதலே அமெரிக்காவுக்குக் குடுத்து வச்சிருந்தது. அவரைக் கனடாவுக்கு அனுப்பேல்ல, ஜோர்தான் வழியாச் சிரியாவுக்கு அனுப்பினவை. அங்க கிட்டத்தட்ட ஒரு வருசம் சிறை, சித்திரவதை. 2006இல நீதிபதி ஓ'கொனர் தலைமையில நடந்த விசாரணை அவரில ஒரு குற்றமும் இல்லை எண்டு சொல்லிச்சுது, 2007 ஜனவரியில பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 லட்சம் டொலர் நட்டஈடு குடுத்தவர். அந்த மனுசனும் மறைக்க ஒண்டும் இல்லாதவர்தான். ஒரு நாட்டுப் பொலிஸ்காரர் எழுதின ஒரு பிழையான வரி எல்லை தாண்டிப் போனால் அதை ஆர் திருப்பி எடுக்கிறது? கனடா மன்னிப்புக் கேட்ட பிறகும் அமெரிக்கா தன்ர லிஸ்ற்றில இருந்து அவரை எடுக்கேல்ல.

எங்கட சனத்துக்கு இது இன்னும் கிட்டத்தில இருக்கிற விசயம். 2006இல கனடா புலிகளைத் தடை செய்த பிறகு ஊருக்குக் காசு அனுப்பின ஆக்கள், ஊர்வலத்துக்குப் போன ஆக்கள், எத்தினை பேர் எயார்ப்போர்ட்டில பாஸ்போர்ட்டை நீட்டேக்க நெஞ்சு படபடத்து நிண்டிருப்பினம். ஒரு பிழையும் செய்யாத ஆக்களைத்தான் சொல்லுறன்.

இணையம் எண்டு பாத்தால், 2014 ஜனவரியில கனடா ஒளிபரப்பு நிறுவனம் சிபிசி ஒரு ஸ்னோடென் ஆவணத்தை வெளியிட்டது. எங்கட சிஎஸ்இ ஒரு கனடா விமான நிலையத்தின்ர இலவச வைஃபையில இருந்து இரண்டு கிழமைத் தகவல் எடுத்து, அந்த வைஃபையைப் பாவிச்ச ஆக்களின்ர போனும் லப்டொப்பும் பிறகு எங்கெங்க இணையத்துக்கு வந்தது எண்டு நாள்க்கணக்காப் பின்தொடர்ந்து பாத்திருக்கினம். கனடா மண்ணில கனடாக்காரரைக் குறி வைக்கக்கூடாது எண்டது அவையின்ர சொந்தச் சட்டம், மெட்டாடேட்டாவை மட்டும் எடுத்தது குறி வைக்கிறதில்லை எண்டு விளக்கம் சொல்லிச்சினம். பிறகு 2016 ஜனவரியில இன்னொண்டு வெளிய வந்தது, கனடாக்காரரின்ர அடையாளத்தைச் சரியா அழிக்காமல் மெட்டாடேட்டாவை மற்ற நாலு நாட்டுக்கும் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கினம், அது தெரிஞ்ச பிறகு பகிர்றதை நிப்பாட்டி வச்சிருந்தவை. வேணும் எண்டு செய்யேல்ல, மென்பொருள் சரியா வேலை செய்யேல்ல எண்டு சொன்னவை. அனுப்பினது அனுப்பினதுதானே, திருப்பி வராது.

கேள்வி கேட்ட தம்பிக்கு, உங்கட தங்கச்சிக்குக் கனடாவில கொஞ்சமாவது கேக்க ஒரு இடம் இருக்கு, 2019க்குப் பிறகு உளவு அமைப்புகளை மேற்பார்வை செய்யிற ஒரு தனி முகமையும் இருக்கு, அங்க முறைப்பாடு குடுக்கலாம். திருச்சியில இருக்கிற உங்களுக்கு அப்பிடிக் கிட்டத்தில ஒரு இடம் இல்லை. மேல கேபிள்காரத் தம்பி சொன்னதை அதால நானும் ஒத்துக்கொள்ளுறன்.

கடலடி_கேபிள்

அக்கா அரார் கேஸை எழுதினதுக்கு ரொம்ப நன்றி. சேலம் நண்பருக்கு ரெண்டே விஷயம் சேர்த்துக்கிறேன். 2006 கேஸ்ல ஏற்கனவே சந்தேகப்பட்ட ஆட்களை பின்தொடர்ந்துதான் பிடிச்சாங்க, அதை நான் எதிர்க்கல, அப்படி ஒரு ஆளைக் குறிச்சு தேடுறதுக்கு வாரண்ட் வாங்கி நாடுகள் ஒத்துழைக்கட்டும். எல்லார் தகவலையும் அள்ளி வச்சுக்கிறதுதான் பிரச்சனை. மும்பை 26/11 தாக்குதலையே எடுத்துக்கோங்க, லஷ்கர் அமைப்போட டெக்னிக்கல் ஆள் ஸரார் ஷாவோட இணைய நடவடிக்கையை பிரிட்டன் ஏற்கனவே கவனிச்சிட்டு இருந்துச்சு, இந்திய உளவுத்துறையும் பார்த்துட்டு இருந்துச்சு, அமெரிக்காகிட்ட வேற பக்கத்துல இருந்து தகவல் இருந்துச்சு, மூணையும் யாரும் சேர்த்து பார்க்கல, 166 பேர் செத்தாங்க. 2014 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் விரிவா எழுதுச்சு. அமெரிக்காவுல எல்லாரோட போன் ரெக்கார்டையும் சேர்த்து வச்ச திட்டத்தை அவங்க அரசோட கண்காணிப்பு வாரியமே ஆராய்ஞ்சு, ஒரு தீவிரவாத விசாரணைல கூட இது முடிவை மாத்தின மாதிரி தெரியலன்னு 2014 ஜனவரில எழுதிச்சு.

அப்புறம் சாதாரண குடும்பஸ்தனுக்கு என்னன்னு கேட்டீங்களே, ஆப்டிக் நெர்வ்னு ஒரு ஜிசிஹெச்கியூ திட்டம். யாகூ வெப்கேம் சாட்ல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு படம்னு எடுத்து சேர்த்தாங்க, 2008ல ஆறு மாசத்துல மட்டும் 18 லட்சம் பேரோட அக்கவுண்ட்ல இருந்து. சந்தேகப்பட்டவங்க மட்டும் இல்ல, எல்லார்கிட்ட இருந்தும். அதுல கணிசமான படங்கள் உடம்புல துணி இல்லாத படங்கள்னு அவங்க ஆவணமே சொல்லுது. 2008ல நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல யாகூ மெசெஞ்சர்ல துபாய்ல இருக்கிற புருஷன்கிட்ட பேசின பொண்ணுங்க எத்தனை பேர்னு யோசிச்சு பாருங்க. அவங்க யாரும் எதையும் மறைக்கல, ஆனா அது யாரோ ஒரு ஆபீஸர் பார்க்கிறதுக்கான படம் இல்லையே.

புதுவை_வழக்கறிஞர்

சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா வெளிநாட்டவருக்கு உரிமையே இல்லன்னு மேல வந்ததுல ஒரு பாதிதான் சரி, நிலைமை மெதுவா மாறிட்டு வருது, மாத்தினது எல்லாமே வழக்கு போட்டவங்கதான்.

பிரிட்டன்ல உளவு அமைப்புகளை விசாரிக்கிற தீர்ப்பாயம் 2015 பிப்ரவரில ஜிசிஹெச்கியூவுக்கு எதிரா முதல்முறையா ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. என்எஸ்ஏகிட்ட இருந்து தகவல் வாங்கினதுக்கான விதிமுறைகள் பொதுமக்களுக்கு தெரியாம ரகசியமா இருந்ததால 2014 டிசம்பர் வரைக்கும் அது சட்டவிரோதம்னு. ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 மே 25ல எல்லார் தகவலையும் மொத்தமா இடைமறிக்கிற பிரிட்டனோட முறைல போதுமான பாதுகாப்பு இல்லன்னு சொன்னுச்சு, ஆனா வெளிநாட்டு அமைப்புகிட்ட இருந்து தகவல் வாங்குற முறையை தப்புன்னு சொல்லல, எனக்கு அது ஏமாற்றம்தான். வெளிநாட்டவர் விஷயத்துல பெரிய தீர்ப்பு ரெண்டு. 2020 மே மாசம் ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம், ஜெர்மனியோட உளவுத்துறை வெளிநாட்டுல இருக்கிற வெளிநாட்டவரை கவனிச்சாலும் ஜெர்மன் அடிப்படை உரிமை அவங்களுக்கும் பொருந்தும்னு சொன்னுச்சு. 2023 செப்டம்பர்ல ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் அதே மாதிரி, ஒருத்தர் அமெரிக்காவுல இருக்கார் ஒருத்தர் ஜெர்மனில இருக்கார், ரெண்டு பேருமே பிரிட்டனுக்கு வெளிய, இருந்தாலும் இடைமறிப்பு பிரிட்டன் மண்ணுல நடக்குறதால பிரிட்டன்தான் பதில் சொல்லணும்னு தீர்ப்பு. அதாவது கார்ன்வால்ல உங்க மெயிலை எடுத்தா நீங்க உறையூர்ல உட்கார்ந்துகிட்டே கேள்வி கேட்கிறதுக்கு ஒரு சட்ட அடிப்படை உருவாயிருக்கு.

அமெரிக்கா பக்கம் அவ்வளவு இல்ல. ஐரோப்பிய யூனியனோட நீதிமன்றம் (ஸ்ட்ராஸ்பர்க் இல்ல, இது வேற) ரெண்டு தடவை, 2015ல ஒண்ணு 2020ல ஒண்ணு, அமெரிக்காவுக்கு டேட்டா அனுப்புற ஒப்பந்தத்தை இந்த உளவு காரணத்துக்காகவே ரத்து பண்ணிருச்சு. அந்த அழுத்தத்துல 2022 அக்டோபர்ல அமெரிக்கா புகார் குடுக்க ஒரு ஏற்பாடு கொண்டு வந்துச்சு, ஆனா ஐரோப்பிய நாடுகள், பிரிட்டன், சுவிட்சர்லாந்து மாதிரி அவங்க அங்கீகரிச்ச நாட்டு மக்களுக்கு மட்டும்தான். இந்தியா அதுல இல்ல. நம்ம அரசு கேட்டு வாங்கியிருக்கணும், அதுக்கு நம்ம வீட்டுலயே கண்காணிப்புக்கு ஒரு ஒழுங்கு இருக்கணும். 2017 ஆகஸ்ட்ல புட்டசாமி வழக்குல 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்க, சரி. ஆனா 2018 டிசம்பர்ல ஒரே ஆணைல 10 அமைப்புகளுக்கு எந்த கம்ப்யூட்டரையும் இடைமறிக்கிற அதிகாரம் குடுத்தாங்க, அனுமதி குடுக்கிறது உள்துறைச் செயலர், நீதிபதி கிடையாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு குடுக்க வழி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க தகவலை நாமளே இப்படி நடத்தும்போது வெளிநாட்டுக்காரன்கிட்ட என்ன வாதம் வைக்க முடியும்? ஒரு வழக்கறிஞரா எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

வைகை_டெக்

விபிஎன் கேள்விக்கு யாரும் நேரடியா பதில் சொல்லல, நான் சொல்றேன். நாட்டுப் பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

நீங்க சொன்ன ஸ்வீடன் கம்பெனி எதுன்னு தெரியல, ஆனா அதே ஸ்வீடன்ல முல்வாட்னு ஒண்ணு இருக்கு, 14 கண்கள் நாடுதான். 2023 ஏப்ரல் 18ல கோத்தன்பர்க்ல அவங்க ஆபீஸுக்கு தேடுதல் வாரண்டோட போலீஸ் வந்துச்சு, வாடிக்கையாளர் விவரம் எதுவுமே சேமிக்கிறது இல்லன்னு விளக்கினதும் ஒரு கம்ப்யூட்டர் கூட எடுக்காம வெறுங்கையோட திரும்பிட்டாங்க. இப்ப மறுபக்கம் பாருங்க. 14 கண்களுக்கு வெளிய ஹாங்காங்ல பதிவு பண்ணி, லாக் (யார் எப்ப கனெக்ட் ஆனாங்கங்கிற பதிவு) வைக்கிறதே இல்லன்னு விளம்பரம் பண்ணின ப்யூர்விபிஎன், 2017ல ஒரு இணையத் தொல்லை வழக்குல எஃப்பிஐக்கு தொடர்பு விவரம் குடுத்துச்சு. அந்த கேஸ்ல பிடிபட்டவன் செஞ்சது அநியாயம், அவன் மாட்டினதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா லாக் இல்லன்னு சொன்னது பொய்னு ஆயிருச்சு இல்லையா. சுவிட்சர்லாந்து ப்ரோட்டான்மெயில் 2021ல பிரான்ஸ் போலீஸ் கேட்டு, சுவிஸ் அதிகாரிகள் ஆணை போட்டு, ஒரு சூழலியல் போராளியோட ஐபி முகவரியை (இணையத்துல அவரோட இணைப்பை அடையாளம் காட்டுற எண்) பதிவு பண்ணி குடுக்க வேண்டியதாச்சு. மெயில் உள்ளடக்கத்தை அவங்களால குடுக்க முடியல, ஏன்னா அது பூட்டி இருந்துச்சு.

சுவிட்சர்லாந்துன்னா நடுநிலைன்னு நம்புறவங்க கிரிப்டோ ஏஜி கதையை தெரிஞ்சுக்கணும். சுவிட்சர்லாந்துல ட்சூக் பக்கம் இருந்த கம்பெனி, 120க்கு மேற்பட்ட நாடுகளுக்கு ரகசியச் செய்தி அனுப்புற மெஷின் வித்துச்சு, இந்தியாவும் பாகிஸ்தானும் வாங்கின லிஸ்ட்ல இருக்கு. 2020 பிப்ரவரிலதான் உண்மை வெளிய வந்துச்சு, 1970ல இருந்தே அந்த கம்பெனியோட சொந்தக்காரங்க அமெரிக்காவோட சிஐஏவும் மேற்கு ஜெர்மனியோட உளவுத்துறையும்! மெஷின்ல அவங்க படிக்கிற மாதிரி வேணும்னே ஓட்டை வச்சு வித்திருக்காங்க.

விபிஎன்னுங்கிறது வீட்டு சாவியை உங்க இன்டர்நெட் கம்பெனிகிட்ட இருந்து வாங்கி இன்னொருத்தர்கிட்ட குடுக்கிறது, அவ்வளவுதான். அதனால குடுக்கிற ஆள்கிட்ட என்ன சேமிப்பு இருக்கு, வெளி ஆடிட் நடந்திருக்கா, கோர்ட்டோ போலீசோ கேட்டப்ப என்ன நடந்துச்சு, யார் ஓனர், இதைத்தான் பார்க்கணும். வர்ஜின் தீவுல பதிவு பண்ணின எக்ஸ்பிரஸ்விபிஎன்னை 2021ல கேப் டெக்னாலஜீஸ் 93.6 கோடி டாலருக்கு வாங்குச்சு, கேப் அப்ப லண்டன் பங்குச்சந்தைல இருந்த கம்பெனி. பேப்பர்ல தீவு, ஓனர் லண்டன்னா ரிவ்யூ டேபிள் அதை எந்த கட்டத்துல போடும்?

இந்தியால இருக்கிறவங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. 2022 ஏப்ரல் 28ல இந்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இந்தியால சேவை தர்ற விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் பேரு, முகவரி, ஐபி எல்லாம் 5 வருஷம் வச்சிருக்கணும், அதனால நார்ட், எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க் எல்லாம் இங்க இருந்த சர்வரை காலி பண்ணிட்டு போயிட்டாங்க. நம்ம ஆபீஸ் வைஃபை, ரயில்வே ஸ்டேஷன் வைஃபை இதுல எல்லாம் விபிஎன் கண்டிப்பா உதவும். பிரிசம்கிட்ட இருந்து உங்க ஜிமெயிலை காப்பாத்தாது, ஏன்னா மெயில் இருக்கிறதே கூகுள் சர்வர்ல, நீங்க எந்த வழியா உள்ள போனா என்ன.

உறையூர்_வாசி

எல்லாரும் இவ்ளோ விளக்கமா எழுதினதுக்கு மனசார நன்றி. அக்கா, தங்கச்சிகிட்ட நீங்க எழுதினதை அனுப்பிட்டேன். வைகை நண்பரே, நாட்டை விட்டுட்டு ஆடிட் ரிப்போர்ட் பார்த்து முடிவு பண்றேன். அப்ப எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே கேள்வி, பத்திரம், ரிப்போர்ட் மாதிரி முக்கியமானதை எல்லாம் மெயிலை விட்டுட்டு வாட்ஸப்லயே அனுப்பினா போதுமா? அது எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்தானே (அனுப்புறவர், வாங்குறவர் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு), இந்தக் கூட்டணியால அதை உடைக்க முடியுமா?

கடலடி_கேபிள்

மெயிலை விட வாட்ஸப் எவ்வளவோ மேல். கேபிள்ல அள்ளினாலும் உள்ள இருக்கிறது அவங்களுக்கு வெறும் குப்பையாத்தான் தெரியும். இதுக்கு சாட்சியே அவங்க போடுற சத்தம்தான், 2020 அக்டோபர்ல ஃபைவ் ஐஸ் நாடுகள் அஞ்சும் சேர்ந்து கம்பெனிகள் என்கிரிப்ஷன்ல அரசுக்கு வழி விடணும்னு ஒரு கூட்டறிக்கை விட்டாங்க, அதுல அவங்களோட சேர்ந்து கையெழுத்து போட்ட இன்னும் ரெண்டு நாடு ஜப்பானும் இந்தியாவும். கேள்வில இந்தியா லிஸ்ட்ல இல்லையேன்னு கேட்டீங்க, நம்ம பூட்டை உடைக்கணும்னு கேட்கிறப்ப நம்ம நாடு அந்த லிஸ்ட்ல இருக்கு.

நம்ம சென்னை ஹைகோர்ட்லயே இது வந்துச்சு. ஆதாரை சோஷியல் மீடியா அக்கவுண்டோட இணைக்கணும்னு போட்ட பொதுநல வழக்கு, 2019ல வாட்ஸப் மெசேஜை முதல்ல அனுப்பினது யாருன்னு கண்டுபிடிக்கிற விஷயமா மாறுச்சு, ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி அது முடியும்னு ஒரு முறையை எழுதிக் குடுத்தார், அப்புறம் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போயிருச்சு. 2021 பிப்ரவரி ஐடி விதிகள்ல அதே கோரிக்கை விதியாவே வந்துச்சு, வாட்ஸப் டெல்லி ஹைகோர்ட் போச்சு, உடைக்கச் சொன்னா இந்தியாவை விட்டு போயிருவோம்னு 2024 ஏப்ரல்ல அங்க சொன்னாங்க. பிரிட்டன்ல ஆப்பிளுக்கு ரகசிய உத்தரவு போட்டாங்கன்னு செய்தி வந்ததும் 2025 பிப்ரவரில ஐகிளவுடுக்கான எண்ட் டு எண்ட் வசதியையே அங்க ஆப்பிள் நிறுத்திருச்சு. இவங்களுக்கு ஓட்டை போட்டுக் குடுத்தா அந்த ஓட்டைல இவங்க மட்டும் வருவாங்கன்னு உத்தரவாதம் கிடையாது, சீன ஹேக்கர்கள் அமெரிக்க டெலிகாம் கம்பெனிகள்ல போலீசுக்காக வச்சிருந்த ஒட்டுக்கேட்கிற வசதிக்குள்ளயே நுழைஞ்சது 2024ல வெளிய வந்தப்ப, என்கிரிப்ஷன் இருக்கிற ஆப்ல பேசுங்கன்னு அமெரிக்க அதிகாரிகளே மக்களுக்கு சொன்னாங்க.

ஆனா வாட்ஸப்ல மெட்டாடேட்டா மூடி இல்ல. நீங்க யாருக்கு எப்ப அனுப்பினீங்கங்கிறது வாட்ஸப்போட ஓனர் கம்பெனி மெட்டாவுக்கு தெரியும், அமெரிக்க கோர்ட் ஆணை இருந்தா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த விவரம் எஃப்பிஐக்கு போகும்னு 2021ல வெளிவந்த அவங்க உள் ஆவணம் சொல்லுது. அது சின்ன விஷயம் இல்ல, மெட்டாடேட்டாவை வச்சுத்தான் ஆட்களைக் கொல்றோம்னு என்எஸ்ஏ முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014ல மேடைலயே சொன்னார். இதை குறைக்கணும்னா சிக்னல்னு ஒரு மெசேஜ் ஆப் இருக்கு, அதைப் போடுங்க, 2016ல கோர்ட் கேட்டப்ப அவங்ககிட்ட குடுக்க இருந்தது அக்கவுண்ட் தொடங்கின தேதியும் கடைசியா கனெக்ட் ஆன தேதியும் மட்டும்தான். மெயில்லதான் அனுப்பியாகணும்னா ஃபைலை பாஸ்வேர்ட் போட்டு பூட்டி அனுப்புங்க, பாஸ்வேர்டை போன்ல சொல்லுங்க, ஆடிட்டர் ஆபீஸ் கிளையண்ட் கணக்குக்கும் அதேதான்.

வாட்ஸப்லயே இருக்கப் போறீங்கன்னா இன்னைக்கே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. பேக்கப் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது சாதாரணமா உங்க கைல பூட்டு இருக்காது. செட்டிங்ஸ்ல சாட்ஸ், அதுல சாட் பேக்கப், அதுக்குள்ள எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்னு இருக்கும், அதை ஆன் பண்ணி பாஸ்வேர்டை ஒரு நோட்ல எழுதி வச்சுக்கோங்க, மறந்தா வாட்ஸப்பாலயும் திருப்பி எடுத்துத் தர முடியாது. தங்கச்சி போன்லயும் பண்ணச் சொல்லுங்க, நீங்க மட்டும் பண்ணினா அதே பத்திரம் அவங்க பேக்கப்ல திறந்தபடியே கிடக்கும்.